இரவில் போனை எடுப்பது யார்?

ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்திய மனநலக் கொள்கைத் திட்டம் ஒன்றில், வரைவு எழுதும் குழுவில் சில ஆண்டுகள் இருந்தேன். முதல் ஆறு மாதமும் ஒரே கேள்வியில் போயிற்று: மனநலப் படுக்கை என்று எதைச் சொல்வது?

இத்தாலியில் 1978-இல் வந்த 180-ஆம் எண் சட்டம், மனநல மருத்துவமனைகளில் புதிதாக ஆள் சேர்ப்பதையே நிறுத்தியது. பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு 15 படுக்கைதான் உச்சவரம்பு. இத்தாலிய நகரமான ட்ரியஸ்டேயில் பிராங்கோ பசாலியா என்ற மனநல மருத்துவர் மனநல மருத்துவமனைக் கதவுகளைத் திறந்துவிட்டதன் தொடர்ச்சி அது. பெல்ஜியமோ ஐரோப்பாவிலேயே மனநலப் படுக்கைகள் மிக அதிகமுள்ள நாடுகளில் ஒன்று. பிரான்ஸ் 1960-இலிருந்து வட்டாரத்துக்கு ஒரு மனநலக் குழு என்று பிரித்து வைத்திருக்கிறது. ஆக, ‘சமூகத்தில் சிகிச்சை’ என்று எழுதினால் ஒருவர் மனதில் வீடு தேடி வரும் செவிலியர். இன்னொருவர் மனதில் மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே ஒரு விடுதி.

2005-இல் ஹெல்சிங்கியில் 52 நாடுகள் மனநலம் பற்றி ஒரே பிரகடனத்தை ஏற்றன. பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் செயல்பாடு பற்றிய ஒப்பந்தத்தின் 168-ஆவது பிரிவுப்படி சுகாதாரச் சேவை அந்தந்த நாட்டின் பொறுப்பு. யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அதனால் எங்கள் வரைவில் ‘செய்ய வேண்டும்’ என்று இருந்ததெல்லாம் ‘பரிசீலிக்கலாம்’ ஆகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் எனக்கு மனசு வலித்தது.

அப்புறம் ஒருநாள் பெல்ஜியத்துச் சக பணியாளர் 2010-இல் தொடங்கிய சீர்திருத்தத்தை விளக்கினார். மருத்துவமனை தானாக முன்வந்து சில படுக்கைகளை மூடும். அந்தப் படுக்கைகளுக்கான பணம் பறிபோகாது. அதே ஊழியர்கள் நடமாடும் குழுவாக வீடுகளுக்குப் போவார்கள். அதுவரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் பேனாவை எடுத்தார்கள். சம்பளம் யார் தருவது, கார் யாருடையது என்று கேள்விகள் வந்தன. கொள்கை என்று நாங்கள் உண்மையில் பேசத் தொடங்கியது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

மருத்துவமனையில் பல மாதம் இருந்து வந்த ஒரு பெண்ணும் எங்கள் குழுவில் இருந்தார். “ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குக் குரல்கள் கேட்டால், அந்தக் குழுவில் போனை யார் எடுப்பார்கள்?” என்று கேட்டார். அறையில் யாரும் வாய் திறக்கவில்லை.

படுக்கைக்கான வரையறையை வரைவின் பின்னிணைப்புக்குத் தள்ளினோம். நாடுகளுக்கு அனுப்பும் படிவத்தில், முதல் கேள்வியாக அவர் கேட்டதையே அவர் சொற்களில் வைத்தோம். சில நாடுகளிலிருந்து அந்தக் கட்டம் காலியாகவே திரும்பி வந்தது. சமாளித்து ஒரு வாக்கியம் போட்டு நிரப்பலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்றோம். இறுதி அறிக்கையில் அந்தக் கட்டங்கள் காலியாகவே அச்சாயின.