காலைதோறும் தொட்டுப் பார்த்தது

மும்பையில் டயாலிசிஸ் பிரிவில் செவிலியராகச் சேர்ந்த நாள்முதல் என் காலைப்பணி ஒரே விதமாகத்தான் தொடங்குகிறது. நோயாளியின் கையில், டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து உண்டாக்கிய ஃபிஸ்டுலாவின்மேல் இரண்டு விரல்களை வைப்பேன். பொன்வண்டை அடைத்த தீப்பெட்டியைப் பிடித்ததுபோல உள்ளே ஓர் அதிர்வு தெரிய வேண்டும். அதைத் ‘த்ரில்’ என்போம். ஓர் இரவுக்குள் அடைப்பு ஏற்பட்டுவிடலாம் என்பதால், நேற்று இருந்தது என்ற நம்பிக்கையில் இன்று ஊசியை எடுக்கக் கூடாது.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. ஜூன் 15 அன்று அத்தியாவசியப் பணியாளருக்காக மின்ரயில் மீண்டும் ஓடும்வரை, சயான் கோலிவாடாவிலிருந்து பெஸ்ட் பேருந்தில்தான் வேலைக்குப் போனேன். ஊரே அடங்கினாலும் டயாலிசிஸை நிறுத்த முடியாது. வாரம் 3 முறை, முறைக்கு 4 மணி நேரம். அதாவது வாரத்தின் 168 மணி நேரத்தில் 12 மணி நேரம் மட்டுமே இயந்திரம் செய்து முடிக்க முயலும் வேலையை, நல்ல சிறுநீரகம் நாம் உறங்கும்போதும் ஓயாமல் செய்கிறது. உடன் வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகத் தனிமைப்படுத்தப்பட்டபோது எனக்கு இரட்டை ஷிப்டு விழுந்தது. தாராவியில் தோல் பட்டறையில் இருந்த என் கணவருக்குக் கூலி நின்றுபோனது. மே மாதத்தில் நாங்குநேரிப் பக்கம் ஊரில் அப்பா இறந்தார். அவரைக் கல்லறைக்குத் தூக்கிப் போவதைக் கைபேசியில் பார்த்துவிட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்கு இயந்திரத்தின்முன் நின்றேன்.

“கர்த்தர் கைவிடமாட்டார்” என்று எல்லாரும் சொன்னார்கள். அது மெய்தான்; ஆனால் அந்த நாட்களில் அது என் காதோடு நின்றுவிட்டது. உள்ளே இறங்கியது வேதாகமத்தின் புலம்பல் புத்தகம். எருசலேம் பாபிலோனியரிடம் வீழ்ந்தபின் எழுந்த ஒப்பாரி அது. அதன் மூன்றாம் அதிகாரத்தின் 66 வசனங்களும், எபிரெய அரிச்சுவடியின் 22 எழுத்துகளுக்கும் எழுத்துக்கு மூன்றாக வரிசையாக அமைந்தவை. அழுதுகொண்டே வரிசை காப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அப்பா போன மறுநாளும் நான் அரை மணிக்கொரு முறை இரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டுதானே இருந்தேன்? தன் நம்பிக்கை அழிந்துபோயிற்று என்று 18ஆம் வசனத்தில் சொல்லும் அதே மனிதர்தான் 22ஆம் வசனத்தில், “நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே, அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை” என்கிறார். இடையில் இடிந்த மதில் எழும்பவில்லை, பகைவரும் அகலவில்லை. “அவைகள் காலைதோறும் புதியவைகள், உமது உண்மை பெரிதாயிருக்கிறது” என்று அடுத்து வருவதும் அந்த இடிபாட்டுக்குள் நின்று சொன்னதே.

ஒரு மாலை, இரண்டாம் ஷிப்டில், தாராவியில் இட்லி வியாபாரம் செய்துவந்த அண்ணாச்சி ஒருவருக்கு ஊசி குத்தப் போனபோது என் கை நடுங்கியது. முகக்கவசத்துக்குள் வியர்வை, கண்ணாடி பனித்திருந்தது. அவர் தம் மறுகையால் என் மணிக்கட்டை அடியிலிருந்து தாங்கிக்கொண்டார். “பைய குத்துங்க தாயி, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல,” என்றார். வழக்கமாகச் சிஸ்டர் என்றே அழைப்பவர். என் வீட்டுத் துக்கம் அவருக்குத் தெரியாது. முதல் ஊசி சரியாக இறங்கியது. இரண்டாவதுக்கும் அவர் கையை எடுக்கவில்லை.

‘உண்மை’ என்று நம் வேதாகமத்தில் வரும் அந்த இடத்தில் எபிரெயத்தில் இருப்பது ‘எமூனா’ என்ற சொல் என்பதைப் பின்னாளில் ஒரு வேதபாடத்தில் கேட்டேன். நாம் சொல்லும் ஆமெனும் அதே வேரிலிருந்து பிறந்தது. யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தில், ஆரோனும் ஊர் என்பவரும் இருபுறமும் தாங்க, மோசேயின் கைகள் சூரியன் மறையும்வரை நிலையாயிருந்தன என்று சொல்லுமிடத்திலும் இதே சொல்தான் இருக்கிறது. கேட்டதும் என் மணிக்கட்டைத்தான் பார்த்தேன்.

அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க ஏன் விடவில்லை என்று இன்றும் ஆண்டவரிடம் கேட்கிறேன், பெரும்பாலும் பேருந்தில். பிறகு பிரிவுக்குள் போய், கையைக் கழுவி, முதல் நோயாளியின் கையில் விரலை வைத்து அந்த அதிர்வுக்காகக் காத்திருக்கிறேன்.