கொள்கையை எந்தக் காட்சியில் வைப்பது?

நாடக ஆசிரியர் தன் கொள்கையை நாடகத்தில் கொண்டுவரலாமா என்ற விவாதம் ஓய்வதே இல்லை. தாராளமாகக் கொண்டுவரலாம். பலரையும் எழுத உட்கார வைப்பதே அதுதான். ஆனால் அதைப் பிரதியில் எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். இதைப் படிக்க ஜெர்மன் நாடக ஆசிரியர் பிரெக்ட்டின் 'மதர் கரேஜ்' நாடகம் போதும்.

நாடு கடந்து ஸ்வீடனில் இருந்தபோது 1939-ல் அவர் எழுதியது. பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரில் படைகளின் பின்னாலேயே வண்டியோடு போய்ச் சரக்கு விற்கும் பெண் கரேஜ். போரை வைத்துப் பிழைப்பவள் போருக்கே பிள்ளைகளைப் பறிகொடுக்கிறாள். 1941-ல் ஜூரிச்சில் அரங்கேறியபோது, எதையும் தாங்கும் தாய்மையின் சோகமாகவே அதைப் பத்திரிகைகள் பார்த்தன. அவளுடைய வியாபாரம் யார் கண்ணிலும் படவில்லை.

1949 ஜனவரியில் பெர்லினில் மேடையேற்றும் முன் பிரெக்ட் பிரதியைத் திருத்தினார். போரைக் கண்டித்து வசனம் சேர்க்கவில்லை, செயல்களை மாற்றினார். முதல் காட்சியில் ஒரு பெல்ட் கொக்கிக்கு அவள் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே, படைக்கு ஆள்பிடிப்பவன் மூத்த மகனை அழைத்துக்கொண்டு போய்விடுகிறான். ஐந்தாம் காட்சியில் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போடத் துணி வேண்டும். பழைய பிரதியில் அவளே சட்டைகளைக் கிழித்துக் கொடுப்பாள். புதியதில் விலையுயர்ந்த சட்டைகள் என்று தர மறுக்கிறாள். பாதிரியார் அவளைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டு எடுக்கிறார். கடைசியில், செத்துக் கிடக்கும் மகளை அடக்கம் செய்யச் சொல்லிக் குடியானவர்களுக்குப் பணம் எடுக்கும்போது, கரேஜாக நடித்த ஹெலன வைகல் ஒரு நாணயத்தை மட்டும் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு மிச்சத்தை நீட்டுவார். பத்துப் பக்க வசனம் அந்த ஒரு நாணயத்துக்கு ஈடாகாது.

கரேஜ் கடைசியிலாவது திருந்தியிருக்க வேண்டாமா என்று பிரெக்ட்டிடம் கேட்டவர் பிரீட்ரிக் வோல்ஃப், அவரும் இடதுசாரி நாடக ஆசிரியர்தான். அவள் எதையும் கற்காவிட்டாலும் அவளைப் பார்க்கிறவர்கள் கற்கலாம் என்பதே பிரெக்ட்டின் பதில். என் நிலையும் அதுதான். பாத்திரம் மேடையிலேயே திருந்திவிட்டால் பார்வையாளருக்கு வேலையே இல்லாமல் போகிறது.

நம் மேடையிலும் இதற்குச் சான்று உண்டு. திருவாரூர் தங்கராசு 'ரத்தக்கண்ணீர்' எழுதியபோது மூடநம்பிக்கையைச் சாடும் பேச்சை ஒரு உத்தமனிடம் தரவில்லை. ஊதாரியாக அலைந்து தொழுநோயில் விழும் மோகனிடம் தந்தார். உபதேசம் செய்ய யோக்கியதை இல்லாத ஆள் பேசுவதால்தான் கேட்கிறவர்கள் காதைத் திறந்தார்கள். எம்.ஆர்.ராதாவின் குரல் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

பிரதி கையில் இருந்தால் ஒத்திகைக்கு முன் இதைச் செய்து பாருங்கள். உங்கள் கருத்து அப்படியே ஒலிக்கும் வசனங்களை அடிக்கோடிடுங்கள். அவை அத்தனையும் ஒரே பாத்திரத்தின் வாயில் இருந்தால், அந்தப் பாத்திரம் உங்கள் ஊதுகுழல். அவற்றை நீக்கிவிட்டுக் காட்சியைப் படிக்கச் சொல்லுங்கள். காட்சி நின்றால் அவை தேவையில்லை. நிற்காவிட்டால் அங்கே செயலே இல்லை என்று பொருள். ஒரு பேரத்தையோ, ஒரு மறுப்பையோ, கைமாறும் ஒரு பொருளையோ எழுதிச் சேர்க்க வேண்டும். பிறகு எதிர்த்தரப்புப் பாத்திரத்துக்கு உங்களால் எளிதில் பதில் சொல்ல முடியாத ஒரு வாதத்தைக் கொடுங்கள். இது கசக்கும், பலரும் இந்த இடத்தில்தான் நழுவுகிறார்கள். எதிராளி முட்டாளாக இருந்தால் ஏற்கெனவே உங்கள் பக்கம் இருப்பவர்கள் கைதட்டுவார்கள், மற்றவர்கள் இடைவேளையில் எழுந்துபோவார்கள்.

இவ்வளவும் செய்தாலும் பார்ப்பவர்கள் வேறு விதமாக எடுத்துக்கொள்ளலாம். அத்தனை திருத்தத்துக்குப் பிறகும் பெர்லினில் கரேஜுக்காக அழுதவர்கள் உண்டு.