நேரான வரிசையும் நடக்காத பாடமும்

ஜூலை 8, செவ்வாய்

தாப்பாவில் இரவெல்லாம் மழை. திடலில் கோல் கம்பத்தைச் சுற்றி ஒரே சேறு. என் பொறுப்பில் உள்ள பயிற்சி ஆசிரியர் (தம்பி என்றுதான் அழைப்பேன்) நான்காம் ஆண்டு மாணவர்களுக்குப் பந்தெறிதல் நடத்தினார். கணீரென்ற குரல் அவருக்கு. அந்தத் தைரியத்தில் பேசிக்கொண்டே இருந்தார். நான் கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தியை மட்டும் கவனித்தேன். அரைமணி நேரப் பாடத்தில் பந்து அவள் கைக்கு வந்தது மூன்றே முறை. மற்ற நேரமெல்லாம் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கமாக வந்த தலைமையாசிரியர், "வகுப்பு நல்ல கட்டுப்பாடு" என்று பாராட்டிவிட்டுப் போனார். வரிசை நேராக நின்றால் போதும், பாடமும் நடந்துவிட்டது என்று கணக்கு!

ஜூலை 10, வியாழன்

கிடங்கில் காற்றுள்ள பந்துகள் குறைவு. பழைய காலுறைகளுக்குள் செய்தித்தாளைத் திணித்துக் கட்டினோம். இனி ஆளுக்கொரு பந்து.

ஜூலை 15, செவ்வாய்

உடற்கல்வி அறிஞர் மஸ்கா மோஸ்டன் 1966இல் வகுத்த கற்பித்தல் பாணிகளைப் பற்றித் தம்பியிடம் பேசினேன். எல்லாவற்றையும் ஆசிரியரே முடிவு செய்யும் கட்டளைப் பாணி ஒரு முனை. அங்கிருந்து முடிவுகள் படிப்படியாக மாணவர் கைக்கு மாறுகின்றன. இன்று முயன்றது இணையர் பாணி: ஒருவர் எறிய, மற்றவர் கையில் அட்டையோடு பார்த்துத் திருத்த வேண்டும். அட்டையில் இரண்டே குறிப்புகள்: எதிர்க்கால் முன்னே வந்ததா? இடுப்பு திரும்பியதா? இதில் ஆசிரியர் எறிபவரைத் திருத்தக் கூடாது. பார்ப்பவரிடம்தான் பேச வேண்டும். தம்பிக்கு நாக்கை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. ஆனால், "உன் கால் மாறிப்போச்சு, மறுபடி எறி" என்று ஒரு வாண்டு தன் கூட்டாளியை அதட்டியபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இடையில் ஒன்று. அதே 1966இல்தான் தாப்பாவில் பிறந்த எம். இராஜாமணி பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். சொன்னால் பிள்ளைகள் நம்பவில்லை.

ஜூலை 17, வியாழன்

எறியவே வராது என்று தம்பி கைவிட்ட பையன், பள்ளி முடிந்ததும் வேலியோர ரம்புத்தான் குலையைக் கல்லால் குறிபார்த்து அடித்துக்கொண்டிருந்தான். இடது கால் முன்னே, இடுப்பு திரும்பி, முழங்கை முந்தி, அத்தனையும் கச்சிதம். தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வகுப்பில் அவனுக்குக் குறி இல்லை, சும்மா எதிரே எறியச் சொன்னோம். இங்கே குறி இருக்கிறது, உயரம் இருக்கிறது, தின்னப் பழமும் இருக்கிறது. அடுத்த பாடத்தில் கயிற்றில் வளையங்களைத் தொங்கவிடுவோம் என்றார். கல்லைக் கீழே போடச் சொல்லவும் மறக்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

மலேசியப் பள்ளிகளின் உடல்தகுதிச் சோதனையான செகாக்கிற்கு ஒத்திகை. 30 சென்டிமீட்டர் பெஞ்சில் 3 நிமிடம் ஏறி இறங்கிவிட்டு நாடித்துடிப்பு எண்ண வேண்டும். பாதிப் பேர் கட்டைவிரலை வைத்து எண்ணினார்கள். கட்டைவிரலுக்கே துடிப்பு உண்டு, கணக்கு குழம்பும் என்று தம்பி சுருக்கமாகச் சொல்லி, இரண்டு விரல்களை மணிக்கட்டில் வைத்துக் காட்டினார். புள்ளிகளை உரக்கப் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவரவர் தாளில் போன முறை எடுத்த புள்ளிகளுக்குப் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை வளையங்களுக்குப் பழைய சைக்கிள் டயர் தேட வேண்டும்.