வின்னிபெக் குளிருக்குக் கியர் ஒயில் – தம்பிக்கு நான் பிழையாச் சொன்னது

தம்பி போன வருசம் ஆடி மாசம் கனடா வின்னிபெக்ல ஒரு பழைய மஸ்டா 3 கார் வாங்கினவன், மேனுவல் கியர். வாங்கின கையோட கோல் எடுத்து "அண்ணா கியர் ஒயில் மாத்தப்போறன், என்ன போடுறது" எண்டு கேட்டான். நான் அப்ப கொழும்பு வெள்ளவத்தையில பஸ்சுக்கு நிண்டுகொண்டிருந்தன், பெரிசா யோசிக்காம "80டபிள்யூ-90 போடு, கொஞ்சம் கட்டியா இருந்தாத்தான் கியர் பல்லுக்கு நல்லது" எண்டு சொல்லிப்போட்டன். இங்க எங்கட பழக்கம் அதுதானே, பஞ்சிகாவத்தையில எந்தக் கடையில கேட்டாலும் முதல்ல எடுத்து வைக்கிறது 80டபிள்யூ-90 தான், சத்தம் போடுற பழைய கியர் பொக்ஸ் எண்டா 140ம் ஊத்துவினம். கொழும்பு வெக்கைக்கு அது சரி. அவன் இருக்கிற இடம் கொழும்பில்லை எண்டது அந்த நேரம் என்ர மண்டையில ஏறேல்லை, அவனும் அண்ணா சொன்னா சரியா இருக்கும் எண்டு அதையே போட்டுட்டான்.

தை மாசம் ஒரு நாள் இங்க பின்னேரம் ஆறரை இருக்கும், அங்க விடிய ஏழு மணி, வோய்ஸ் மெசேஜ் வருது. "அண்ணா கியர் பொக்ஸ் போயிட்டுது போல". வெளியில மைனஸ் 32. இரவு முழுக்க என்ஜினைச் சூடா வச்சிருக்கிற பிளொக் ஹீற்றர் கரண்ட்ல கிடந்தபடியால என்ஜின் ஒழுங்கா ஸ்டார்ட் வந்திருக்கு, ஆனா நியூட்ரல்ல வச்சுக் கிளட்ச்சை விட்ட உடனே ஆர்பிஎம் விழுந்து என்ஜின் நிக்கப் பார்த்திருக்கு. கியர் லீவர் சீமெந்துக்குள்ள புதைச்ச மாதிரி. முதலாம் கியர் ஒரு மாதிரி விழுந்து ரோட்டுக்கு ஏறினா இரண்டாம் கியர் விழவே மாட்டன் எண்டுது, தள்ளித் தள்ளிப் பார்த்தா கரகர எண்டு அரைக்கிற சத்தம். வேலைக்குப் போக ஒரு மணித்தியாலம் பிந்திட்டான். எனக்கு அண்டைக்கு இரவுச் சாப்பாடு இறங்கேல்லை, அந்தப் பெடியன் சேர்த்து வச்ச காசில வாங்கின கார்.

பிறகுதான் இருந்து ஒழுங்கா வாசிச்சன், முதல்லயே செய்திருக்க வேண்டிய வேலை. கியர் ஒயில் நம்பருக்கு எஸ்ஏஇ எண்ட எஞ்சினியர் சங்கம் வச்ச ஜே306 எண்டு ஒரு தரம் இருக்கு. டபிள்யூக்கு முன்னால வாற நம்பர் குளிருக்கானது, பின்னால வாற 90, 140 எல்லாம் ஒயில் சூடா இருக்கேக்க உள்ள தடிப்பு. ஒயில் குளிரக் குளிரத் தடிக்கும்தானே, அது 150,000 சென்டிபாய்ஸ் (தடிப்பை அளக்கிற அலகு) அளவுக்குத் தடிக்காம எத்தினை டிகிரி வரைக்கும் தாங்குது எண்டதுதான் கணக்கு. 85டபிள்யூ எண்டா மைனஸ் 12 வரைக்கும், 80டபிள்யூ மைனஸ் 26, 75டபிள்யூ மைனஸ் 40, 70டபிள்யூ மைனஸ் 55. தம்பியின்ர காருக்குள்ள இருந்தது மைனஸ் 26க்கான ஒயில், வெளியில மைனஸ் 32. பிளொக் ஹீற்றர் சூடாக்குறது என்ஜினை மட்டும்தான், பக்கத்தில இருக்கிற கியர் பொக்ஸ் விடிய விடிய விறைச்சுப்போய்க் கிடந்திருக்கு. எங்கட நுவரெலியால தை மாசம் விடியப்புறம் புல்லில பனி உறையும், ஆனா அது பூச்சியத்துக்குக் கிட்டத்தான், 80டபிள்யூக்கு அது ஒரு குளிரே இல்லை. அதாலதான் இந்த நம்பரைப் பற்றி இலங்கையில எங்களுக்கு யோசிக்க வேண்டியே வாறேல்லை.

150,000 எண்டா எவ்வளவு எண்டு விளங்கத் தேனை நினைச்சுப் பாருங்கோ. சாதாரணமா எங்கட குசினியில இருக்கிற தேன் ஒரு பத்தாயிரத்துக்கு அங்க இங்க, இது அதைவிடப் பத்து மடங்குக்கு மேல. இன்னொரு விசயம், அந்த 150,000 எண்ட எல்லை கியர் லேசா விழுறதுக்கு வச்ச எல்லையே இல்லை, ஒரு பின் அக்சில்ல டெஸ்ட் பண்ணேக்க அதுக்கு மேல தடிச்சா பினியன் எண்ட சின்னக் கியரின்ர பெயாரிங் பழுதாகுது எண்டு பார்த்து வச்சது. அதாவது பெயாரிங் உயிர் தப்புற எல்லை. மேனுவல் கியர் பொக்ஸ்ல சின்க்ரோ எண்டு பித்தளை வளையங்கள் இருக்கு, அது கியரின்ர கோன்ல உரசித்தான் இரண்டு பக்கத்தின்ர வேகத்தையும் ஒண்டாக்கும். உரசுறதுக்கு நடுவில இருக்கிற ஒயில் படலம் வெட்டுப்பட்டு விலகோணும், அதுக்குத்தான் வளையத்தில சின்னச் சின்ன வரி போட்டிருக்கும். ஒயில் தார் மாதிரி இருந்தா படலம் விலகாது, வளையம் வழுக்கும், கியர் அரைபடும். தம்பிக்கு நடந்தது அதேதான். கியர் பொக்ஸ் உடையேல்லை.

அவன்ர காரின்ர கையேட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னன். அதில தெளிவா இருக்கு, எல்லாக் காலத்துக்கும் 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 எண்டா 10 டிகிரிக்கு மேல மட்டும். ஒரு வரி. அதை அண்டைக்கே வாசிச்சிருந்தா இவ்வளவு கதையும் இல்லை.

சரி 75டபிள்யூ-90 எண்டு முடிவாச்சு, ஆனா கடையில அதே பேரில நாலைஞ்சு போத்தல் இருக்கும், எதை எடுக்கிறது? நான் இந்தக் கதையை எழுதுறதே இதுக்காகத்தான். லேபிளோட நிக்காதேங்கோ, கொம்பனி போடுற டேட்டா ஷீற்றை எடுத்து மைனஸ் 40ல புரூக்ஃபீல்ட் விஸ்கோசிற்றி எண்ட வரியைப் பாருங்கோ, நான் மேல சொன்ன சென்டிபாய்ஸ் கணக்கு அதிலதான் இருக்கும். 140,000 இருக்கிற ஒயிலும் 75டபிள்யூ தான், 40,000 இருக்கிற ஒயிலும் 75டபிள்யூ தான், லேபிள் ஒண்டு, விடியக்காலம் லீவரைப் பிடிக்கிற கைக்கு இரண்டும் வேற வேற. சின்தெற்றிக்குக்குக் கூடக் காசு குடுக்கிறதுக்கும் காரணம் இதுதான், மினரல் ஒயில்ல இருக்கிற மெழுகு குளிரில கட்டிபடும், பீஏஓ எண்ட வகைச் செயற்கை ஒயில்ல அந்த மெழுகு இல்லை. போர் பொயின்ற் மைனஸ் 45 எண்டு பெரிசாப் போட்டிருப்பினம், அதை வச்சு முடிவெடுக்காதேங்கோ, அது போத்தலைச் சரிச்சா ஒயில் கொஞ்சமாவது அசையுதா எண்டதை மட்டும்தான் சொல்லுது.

தம்பிக்கு இன்னொரு குழப்பம், "என்ஜினுக்கு 5டபிள்யூ போடுறன், இதென்ன 75, இன்னும் தடிப்பா" எண்டு. இரண்டும் வேற வேற அளவுகோல். 75டபிள்யூ-90 கியர் ஒயில் சூடானா என்ஜின் ஒயில்ல 40க்கும் 50க்கும் கிட்டத்தான் நிக்கும்.

பிறகு ஜிஎல்-4ஆ ஜிஎல்-5ஆ எண்ட கேள்வி, இது கியர் ஒயில் எந்த வேலைக்கானது எண்டு காட்டுற தரம். ஜிஎல்-5 பல்லு கூட வழுக்கி உரசுற ஹைப்பொயிட் டிஃபரென்ஷலுக்கெண்டு வந்தது, அதில சல்பர் பொஸ்பரஸ் மருந்து கூட, சில வகை பித்தளையை அரிக்கும், சின்க்ரோவுக்குத் தேவையான உரசலையும் குறைக்கலாம். கையேட்டில ஜிஎல்-4 மட்டும் இருந்தா கடைக்காரர் "5 தான் அண்ணை புதுசு, கூட நல்லது" எண்டு தந்தாலும் வாங்காதேங்கோ. தம்பியின்ர காருக்கு இரண்டுமே போடலாம் எண்டுதான் இருக்கு, நான் எண்டாலும் ஜிஎல்-4 தேடி எடு எண்டன், அவன் ரெட்லைன் எம்டி-90 எடுத்தான். சில காருக்குக் கியர் ஒயிலே இல்லை, பழைய ஹொண்டா சிலதுக்கு என்ஜின் ஒயில், வேற சிலதுக்கு ஏடிஎஃப் எண்ட ஓட்டோ கியர் ஒயில், கொழும்பில இப்பவும் ஓடுற பழைய மினிக்கு என்ஜினும் கியர் பொக்ஸும் ஒரே ஒயிலில குளிக்குது. குளிருக்கு மெல்லிசா இருந்தா நல்லம்தானே எண்டு நினைச்சு 90 கேக்கிற கியர் பொக்ஸுக்கு ஏடிஎஃப் ஊத்துறதும் பிழை, கோடையில பல்லுக்கு நடுவில படலம் நிக்காது.

மாத்தேக்க கவனிக்க வேண்டியது ஒண்டு. முதல்ல ஒயில் ஊத்துற மேல் நட்டைக் கழட்டிப் பாருங்கோ, பிறகு கீழ் நட்டு. கீழால எல்லாத்தையும் வடிச்சுப்போட்டு மேல் நட்டு துருப்பிடிச்சு வரமாட்டன் எண்டா கார் அதில கிடக்கும், மைனஸ் 20ல ரோட்டோரத்தில அதைவிடக் கொடுமை இல்லை. தம்பி சிநேகிதன் ஒருத்தன்ர ஹீற்றர் போட்ட கராஜ்ல வச்சு, ஓடிச் சூடாக்கின பிறகு வடிச்சவன், வாஷர் இரண்டும் புதுசு.

அடுத்த கிழமை மைனஸ் 30ல வீடியோ அனுப்பினான். கிளட்ச்சை மிதிச்சு ஸ்டார்ட் பண்ணி, நியூட்ரல்ல மெதுவாக் கிளட்ச்சை விட்டு மூண்டு நாலு நிமிசம் விடுறான், அப்ப உள்ளுக்க தண்டுகள் சுத்தி ஒயில் கொஞ்சம் இளகும். பிறகு முதலாம் கியர், இரண்டாம் கியர், விழுது. முதல் இரண்டு சந்தி வரைக்கும் இரண்டாம் கியர் கொஞ்சம் இறுக்கம், அதுக்கு அவசரப்பட்டுத் தள்ளாம கையை லீவரில வச்சு அமத்திக்கொண்டு இருந்தா தானா உள்ளுக்க போகும் எண்டு சொன்னனான். நேற்று "அண்ணா 75டபிள்யூ-80 போட்டா இன்னும் லேசா இருக்குமா" எண்டு கேக்கிறான். லேசா இருக்கும்தான், ஆனா அதே ஒயிலோடதான் ஆடி மாசம் 30 டிகிரியில ஹைவேயில ஓடப்போறான், கையேடு 90 எண்டு சொல்லுது, அதுக்கு மாறா இந்த முறை நான் எதுவும் சொல்லேல்லை.