ஓலியோ ஆற்றின் வழியே: இத்தாலியின் ப்ரேஷா மாகாணம்

மிலானிலிருந்து வெனிஸுக்குப் போகும் வழியில் ரயில் ப்ரேஷாவில் நிற்கும். வெளிநாட்டுப் பயணிகள் அங்கே இறங்குவது குறைவு. கார்டா ஏரி பார்க்க வந்தவர்கள் அதைத் தாண்டி தெசென்சானோவில் இறங்கிக்கொள்கிறார்கள். மற்றவர்கள் நேரே வெனிஸ். ப்ரேஷா என்றாலே தொழிற்சாலை ஊர், எஃகும் துப்பாக்கியும் செய்கிற ஊர் என்ற பேச்சு இத்தாலிக்குள்ளேயே இருக்கிறது. நானும் மனைவியும் செப்டம்பர் கடைசியில் அங்கேயே தங்கி மாகாணம் முழுக்கச் சுற்றினோம். இத்தாலியில் எனக்கு மிகப் பிடித்த இடம் இப்போது இதுதான்.

லொம்பார்டி மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது ப்ரேஷா மாகாணம். வடக்கே 3,539 மீட்டர் உயரமுள்ள அதமெல்லோ மலை, தெற்கே போ நதியின் சமவெளி, இடையில் கார்டா, இசேயோ, இத்ரோ என்று மூன்று பெரிய ஏரிகள். வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் தனித்தனி ஊர்களாகத் தெரியும். நேரில் போனால்தான் இவையெல்லாம் ஒரே வேலைக்காரனின் கைவேலை என்று புரிகிறது. பனியுகத்தில் அதமெல்லோவிலிருந்து இறங்கிய பனியாறு வழியிலுள்ள பாறைகளைத் தேய்த்து மழுக்கியது, பள்ளத்தாக்கை அகலமாக்கி இசேயோ ஏரிப் படுகையை ஆழமாக்கியது, தள்ளிக்கொண்டு வந்த மண்ணையும் கல்லையும் ஏரிக்குத் தெற்கே குன்றுகளாகக் கொட்டிவிட்டு உருகிப் போனது. அந்தக் குன்றுகளில்தான் இன்று ஃப்ராஞ்சகோர்த்தா திராட்சைத் தோட்டங்கள். பனி போன பாதையில் இப்போது ஓலியோ ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றோடு எதிர்த்திசையில் மேலே போவதுதான் இந்த மாகாணத்தைப் பார்க்கச் சரியான வழி என்பேன்.

முதலில் நகரம். ரோமானியர் காலத்தில் இதன் பெயர் ப்ரிக்ஸியா. கி.பி. 73இல், பேரரசர் வெஸ்பாசியன் காலத்தில் கட்டிய கப்பிதோலியம் கோயில் ஊர் நடுவே நிற்கிறது. பின்னால் உள்ள சித்னேயோ குன்றிலிருந்து சரிந்த மண் அதை மூடிவிட, 1820களில்தான் தோண்டி எடுத்தார்கள். 1826 ஜூலையில், கோயில் சுவருக்கும் குன்றுக்கும் நடுவில் இருந்த ஒரு சந்தில் வெண்கலப் பொருள்கள் குவியலாகக் கிடைத்தன. உருக்கிவிடுவார்கள் என்று பயந்து யாரோ ஒளித்து வைத்திருக்க வேண்டும். அவற்றில் ஒன்று, ஆளுயரத்தைத் தாண்டிய, சிறகு முளைத்த வெற்றித் தேவதை. ஃப்ளோரன்ஸில் சீரமைத்து 2020இல் திரும்பக் கொண்டுவந்து, கோயிலின் ஓர் அறையில் தனியாக நிறுத்தியிருக்கிறார்கள். அறையில் வேறு அலங்காரம் எதுவும் இல்லை. இடது கால் எதன் மீதோ ஊன்றியிருக்கிறது, கைகள் எதையோ பிடித்திருக்கின்றன. காலடியில் இருந்ததும் கையில் இருந்ததும் தொலைந்துவிட்டன. கேடயத்தில் வெற்றி பெற்றவரின் பெயரை எழுதும் கோலம் என்கிறார்கள். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தோம். ஆடையின் மடிப்பு ஒவ்வொன்றும் காற்றில் அசைவது போலவே இருக்கிறது.

அங்கிருந்து சில நிமிட நடையில் சாந்தா ஜூலியா. இதற்கு ஒரு முழுப் பகல் வேண்டும். 753இல் லொம்பார்டுப் பிரபு தெசிதேரியஸும் அவர் மனைவி ஆன்சாவும் தொடங்கிய கன்னியர் மடம் இது. முதல் தலைவி அவர்கள் மகள் அன்செல்பெர்கா. தெசிதேரியஸ் பிறகு லொம்பார்டுகளின் கடைசி அரசராகி, 774இல் பிராங்கு அரசர் சார்லமேனிடம் நாட்டை இழந்தார். அரசு போனாலும் மடம் ஆயிரம் ஆண்டுக்கு மேல் நடந்து, நெப்போலியன் காலத்தில்தான் மூடப்பட்டது. இப்போது அது நகர அருங்காட்சியகம்; 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கன்னியர்கள் காய்கறி பயிரிட்ட தோட்டத்துக்கு அடியில் இரண்டு ரோமானிய வீடுகள் கிடைத்திருக்கின்றன. அவற்றின் வண்ணக்கல் தரைகளை இருந்த இடத்திலேயே, மேலே கூரை போட்டுக் காட்டுகிறார்கள். ரோமானிய வீடு, அதன் மேல் தோட்டம், பக்கத்தில் லொம்பார்டுத் தேவாலயம், அதை ஒட்டி மறுமலர்ச்சிக்கால ஓவியங்கள் நிறைந்த கன்னியர் பாடலறை. ஒரே வளாகத்துக்குள் நடந்தபடியே பதினைந்து நூற்றாண்டுகளைக் கடந்துவிடலாம். மடத்தின் சிறு கோயிலில், நட்சத்திரம் தீட்டிய நீலக் கூரைக்குக் கீழே தெசிதேரியஸின் சிலுவை இருக்கிறது. மரச் சட்டத்தில் உலோகத் தகடு போர்த்தி, 200க்கு மேற்பட்ட கற்களையும் கண்ணாடியையும் பதித்திருக்கிறார்கள். கற்களில் பல, சிலுவையைவிடப் பழைய ரோமானியச் செதுக்குக் கற்கள். கிரேக்க, ரோமானியத் தெய்வங்களும் அதில் கலந்திருக்கிறார்கள். யாரும் அவர்களைப் பெயர்த்து எடுக்கவில்லை. என் மனைவி அந்த அறையை விட்டு வர மறுத்துவிட்டாள்.

நகரத்தில் இன்னும் நிறைய உண்டு. வட்ட வடிவப் பழைய பேராலயம், 1927 முதல் 1957 வரை ரோமுக்குப் போய்த் திரும்பிய மில்லே மில்லியா கார்ப் பந்தயம், ஓட்டுநர் இல்லாத மெட்ரோ. ஆனால் இரண்டு விஷயங்கள் மனதில் தங்கிவிட்டன. ஒன்று, பியாத்சா தெல்லா லோஜ்ஜியா. அழகான சதுக்கம், மேலே நின்று மணியடிக்கும் இரு பொம்மைகளோடு கடிகாரக் கோபுரம். 1974 மே 28இல் இங்கே பாசிச எதிர்ப்புக் கூட்டத்தில் தீவிர வலதுசாரிகள் வைத்த குண்டு வெடித்து எட்டுப் பேர் இறந்தார்கள். குண்டு சிதைத்த தூணை அப்படியே விட்டிருக்கிறார்கள். இன்னொன்று, கணித மேதை தார்த்தாலியா. 1512இல் பிரெஞ்சுப் படை ஊரைச் சூறையாடியபோது, பேராலயத்துக்குள் ஒளிந்திருந்த சிறுவனின் தாடையையும் வாயையும் ஒரு சிப்பாயின் வாள் வெட்டியது. அம்மா காப்பாற்றிவிட்டாள், பேச்சு மட்டும் திக்கிப்போனது. பள்ளிச் செலவுக்கு வழியில்லாத அந்தப் பையன்தான் பிறகு முப்படிச் சமன்பாடுகளுக்குத் தீர்வு கண்டவர்களில் ஒருவன்.

சரி, மலைக்குப் போவோம். ப்ரேஷாவிலிருந்து எதோலோ வரைக்கும் சுமார் நூறு கிலோமீட்டர் ஒற்றைத் தண்டவாளத்தில் டீசல் ரயில் ஓடுகிறது. போகும்போது இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள். இசேயோ தாண்டியதும் ரயில் ஏரிக்கரையை ஒட்டியே, சுரங்கத்துக்குள் புகுந்து புகுந்து போகிறது.

சுல்சானோவில் இறங்கி, சில நிமிடப் படகுப் பயணத்தில் மொந்தே ஈசோலாவுக்குப் போனோம். இத்தாலியின் ஏரித் தீவுகளில் இதுதான் பெரியது. ஏரியின் நடுவில் ஒரு மலையே நிற்கிறது. உச்சி கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டர், அங்கே ஒரு மாதா கோயில். சொந்தக் காருக்கு அனுமதி இல்லை. ஊர்க்காரர்கள் ஸ்கூட்டரில் போகிறார்கள், ஒரு சின்ன பஸ் உண்டு. நாங்கள் நடந்தே ஏறினோம். ஆலிவ் மரங்கள், அப்புறம் கஷ்கொட்டை மரங்கள், இடையிடையே கல் வீடுகள். வலை பின்னுவது இந்தத் தீவின் பழைய தொழில். ஏரி மீனை உப்பிட்டு, வளைத்த மரக்கிளைகளில் கட்டி வெயிலில் காய வைத்து, பிறகு எண்ணெயில் ஊற வைக்கிறார்கள். கருவாடுதான், ஆனால் கடல் வாடை இல்லை. மக்காச்சோளக் களியான பொலேந்தாவோடு சூடாகப் பரிமாறினார்கள். அந்தக் கரையோரச் சாப்பாட்டுக்கு ஈடாக எந்தப் பெரிய உணவகத்திலும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

2016இல் கிறிஸ்டோ என்ற கலைஞர் சுல்சானோவிலிருந்து இந்தத் தீவுக்கும், பக்கத்திலுள்ள சான் பாவ்லோ என்ற குட்டித் தீவுக்கும் மஞ்சள் துணி போர்த்திய மிதக்கும் நடைபாதை போட்டார். மூன்று கிலோமீட்டர் நீளம், பதினாறு நாள் மட்டும், கட்டணம் இல்லை. 12 லட்சம் பேர் தண்ணீர் மேல் நடந்தார்கள். பிறகு எல்லாவற்றையும் பிரித்து எடுத்துவிட்டார்கள். படகுத்துறையில் பேச்சுக் கொடுத்த ஒரு பெரியவர், தான் பிறந்ததிலிருந்து தீவுக்கு நடந்து போனது அந்த இரண்டு வாரம்தான் என்றார்.

ஏரியின் வடமுனையில் பிசோன்யே. ஊர் ஓரத்துச் சிறு தேவாலயத்தில் 1530களில் ரோமனீனோ என்ற ஓவியர் வரைந்த சுவரோவியங்கள் இருக்கின்றன. வத்திக்கானில் மைக்கலாஞ்சலோ ஓவியம் தீட்டிய சிஸ்டைன் சிற்றாலயத்தை வைத்து, ஏழைகளின் சிஸ்டைன் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை, அது ரோமைக் காட்டி இதைச் சின்னதாக்குகிறது. ரோமனீனோ வரைந்த மனிதர்கள் பருத்தவர்கள், மூக்கு புடைத்தவர்கள், கிறிஸ்துவின் பாடுகளை முண்டியடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பவர்கள். பள்ளத்தாக்கில் அன்று சந்தைக்கு வந்த முகங்கள் அவை. அழகுபடுத்த அவர் துளியும் முயலவில்லை.

இனி வால் கமோனிகா. இத்தாலியிலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் முதன்முதலில், 1979இல், இடம்பிடித்தது ரோமும் இல்லை, வெனிஸும் இல்லை; இந்தப் பள்ளத்தாக்கின் பாறைச் செதுக்கல்கள்தான். 1,40,000க்கு மேற்பட்ட உருவங்கள். காப்போ தி போன்தே நிலையத்தில் இறங்கி மேடேறினால் நாக்வானே பூங்கா. 1955இல் அமைத்தது. கஷ்கொட்டையும் பிர்ச் மரமும் நிற்கும் காட்டுக்குள், யானை முதுகு மாதிரி ஊதாச் சாம்பல் நிறப் பாறைகள் சரிந்து கிடக்கின்றன. பனியாறு இழைத்து வழவழப்பாக்கிய மணற்பாறை. அந்த வழவழப்பைப் பார்த்துதான் கற்காலம் முதல் இரும்புக்காலம் வரை மக்கள் இங்கே வந்து, கல்லால் கொத்திக் கொத்தி வரைந்திருக்கிறார்கள்.

முதல் பாறையிலேயே ஆயிரம் உருவங்கள் வரை உண்டு. எடுத்த எடுப்பில் ஒன்றும் தெரியாது. கண் பழகியதும் மான் கூட்டம், நாய், வாள் பிடித்த ஆட்கள், கைகளைத் தூக்கி வேண்டும் உருவங்கள், ஒரு சிக்கல் வட்டப்பாதை என்று ஒவ்வொன்றாக எழுந்து வருகின்றன. என்னை நிறுத்தியது தறிகள். நிமிர்ந்த மரச் சட்டம், தொங்கும் பாவு நூல்கள், அவற்றின் கீழ்முனையில் இழுத்துப் பிடிக்கக் கட்டிய எடைகள், எல்லாம் தெளிவாக இருக்கின்றன. போர்வீரனையும் வேட்டையையும் எந்த நாட்டுப் பாறையிலும் பார்க்கலாம். நெசவைப் பாறையில் பொறிக்கத் தோன்றிய ஆட்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை வந்தது. மதிய வெயிலில் உருவங்கள் மங்கிவிடும். காலையில் சீக்கிரமோ, சாயங்காலமோ போங்கள். சாய்ந்த வெளிச்சத்தில்தான் பள்ளங்களில் நிழல் விழும்.

இதை வரைந்த கமுன்னி மக்களை கி.மு. 16இல் ரோம் வென்றது. அவர்கள் பெயர்தான் இன்றும் பள்ளத்தாக்கின் பெயர். நான்கு இதழ்ப் பூப்போல அவர்கள் பொறித்த ஓர் உருவம், லொம்பார்டி மாநிலச் சின்னமாக எல்லா அரசுப் பலகைகளிலும் இருக்கிறது. ப்ரேஷா நிலையத்தில் நாங்கள் ஏறிய ரயில் வண்டியிலும் இருந்தது.

எதோலோவில் தண்டவாளம் முடிகிறது. அங்கிருந்து பஸ்ஸில் போன்தே தி லென்யோ. நார்கனெல்லோ, ஃப்ரிஜிதோல்ஃபோ என்ற இரண்டு ஓடைகள் இங்கே சேர்ந்துதான் ஓலியோ ஆகிறது. முதல் உலகப் போரில் இத்தாலியப் படையும் ஆஸ்திரியப் படையும் மேலே அதமெல்லோ பனியில், 3,000 மீட்டருக்கு மேல், மூன்று ஆண்டு எதிரெதிரே கிடந்தன. குண்டோடு குளிரும் பனிச்சரிவும் சேர்ந்து கொன்றன. பனி சுருங்கச் சுருங்க அந்தப் போரின் மிச்சங்கள் வெளியே வருகின்றன. பக்கத்து ஊரான தெமூவில் அவற்றுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. ஓர் ஆறு பிறக்கிற இடத்தில் இதைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. ஆனாலும் பார்க்க வேண்டியது.

கார்டாவையும் விடவில்லை. இத்தாலியின் மிகப் பெரிய ஏரி, 370 சதுர கிலோமீட்டர். சிர்மியோனேயில் நீருக்குள் நிற்கும் கோட்டையும், முனையில் ஆலிவ் தோப்புக்குள் ரோமானிய மாளிகையின் இடிபாடும் அருமைதான். கூட்டம் மட்டும் தாங்க முடியவில்லை. ஒரு பகல் போதும் என்று தோன்றியது.

மறுநாளை வேறொன்றுக்கு வைத்திருந்தோம். தெசென்சானோவிலிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், மாகாண எல்லையைத் தாண்டி மாந்தோவாவுக்குள் இருக்கிறது காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே. கார்டா பனியாறு கொட்டிவிட்டுப் போன குன்றுகளின் மேல் ஊர். 1859 ஜூன் 24இல் பக்கத்துச் சோல்ஃபெரினோவில் நடந்த போரில் காயம்பட்டவர்களை ஆயிரக்கணக்கில் இங்கே கொண்டுவந்து தேவாலயங்களில் கிடத்தினார்கள். எந்தப் படை என்று பார்க்காமல் ஊர்ப் பெண்கள் தண்ணீர் கொடுத்துக் கட்டுப் போட்டார்கள். அவர்களோடு சேர்ந்து வேலை செய்த ஸ்விஸ் வணிகர் ஹென்றி டுனான்ட், அதிலிருந்துதான் செஞ்சிலுவைச் சங்கத்தின் யோசனைக்கு வந்தார். இங்கே அதற்கும் ஓர் அருங்காட்சியகம் உண்டு.

ஆனால் நாங்கள் போன காரணம் வேறு. 1680இல் இந்த ஊரில் பிறந்தவர்தான் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, நம் வீரமாமுனிவர். எ, ஏ, ஒ, ஓ எழுத்துகளைக் குழப்பமில்லாமல் எழுதும் முறையைத் தந்தவர், சதுரகராதி தொகுத்தவர், மெரினாவில் சிலையாக நிற்பவர். இயேசு சபைத் துறவியான புனித அலோசியஸ் கொன்சாகாவும் இதே ஊர்க்காரர். அவர் பெயரிலுள்ள பேராலயம் பெஸ்கி பிறப்பதற்கு முன்பே எழுந்தது. இந்தத் தெருக்களில் அந்தப் புனிதரின் கதையைக் கேட்டு வளர்ந்த பையன் அதே சபையில் சேர்ந்ததில் வியப்பில்லை. முப்பது வயதில் தமிழ்நாட்டுக்கு வந்து, காப்பியம் எழுதும் அளவுக்குத் தமிழைக் கற்றதுதான் வியப்பு. சிர்மியோனே வரைக்கும் வருகிற தமிழர்கள் தயவுசெய்து இந்த ஊருக்கும் ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள். ரயில் கிடையாது, தெசென்சானோவிலிருந்து சாலை வழியாகத்தான் வர வேண்டும். பேராலயத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் சேர்த்து அரை நாள் ஒதுக்கினால் போதும்.