கொழும்பு காலி வீதிக்கு ஏற்ற கிளட்ச்

எனது லான்சர் எவல்யூஷன் காரிலிருந்து கழற்றி வைத்த பிளைவீலின் (என்ஜினோடு சுழலும் கனமான சக்கரம்; கிளட்ச் பிளேட் இதன்மேல்தான் அழுந்தும்) முகத்தில் சூட்டினால் எழுந்த நீலத் திட்டுகளும், அவற்றின் நடுவே மயிரிழை வெடிப்புகளும் தெரிந்தன.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைக்காரர், "இதைப் போடுங்கோ தம்பி" என்று, எடை குறைந்த பிளைவீலையும் செராமிக் கிளட்ச் பிளேட்டையும் எடுத்து வைத்தார்.

பந்தயப் பாதைக்கு அவை சிறந்தவைதான். ஆனால் எடை குறைந்தால் பிளைவீல் தேக்கிவைக்கும் சுழற்சி ஆற்றலும் குறையும் என்பதால், மாலை நெரிசலில் காலி வீதியில் ஊர்ந்து செல்லும்போது என்ஜின் எளிதில் நின்றுவிடும். செராமிக் பிளேட்டோ மெதுவாகப் பிடிக்காமல் வெடுக்கெனப் பற்றி, அந்த அதிர்ச்சியைக் கியர்பெட்டி வரை கடத்தும்.

எனது கார் அன்றாடம் ஓடுவது இந்த நெரிசலில்தான்.

ஆகவே பழைய எடையிலேயே புதிய பிளைவீல், கிளட்ச் பிளேட்டைப் பிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும், அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட், நடுவில் அதிர்ச்சியை உள்வாங்கும் ஸ்பிரிங் உள்ள, மெதுவாகப் பிடிக்கும் ஆர்கானிக் பிளேட் ஆகியவற்றைத் தேர்ந்தேன். கியர்பெட்டியை மறுபடி இறக்கும் கூலியை நினைத்து, மிதியை அழுத்தும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்தே வாங்கினேன்.