பலோம்பே சமவெளியில் ஓர் ஆலயமும் ஓர் அடிபம்பும்

மலாவியின் தென்பகுதியில், முலாஞ்சே மலைக்கும் சில்வா ஏரிக்கும் நடுவே தட்டையாக விரிந்து கிடக்கிறது பலோம்பே மாவட்டம். மலையின் உச்சியான சபிட்வா 3,002 மீட்டர். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கருங்கல் மதில் ஒன்று சமவெளியிலிருந்து நேராக எழும்பி நிற்பதுபோல இருக்கும். அந்த மலையடிவாரத்து ஊர்களுக்கு அழகும் ஆபத்தும் அங்கிருந்தேதான் வருகின்றன. 2023 மார்ச்சில் ஃபிரெடி புயல் வந்தபோது வெள்ளம் சேற்றையும் பாறையையும் உருட்டிக்கொண்டு இறங்கியது. மலாவியில் 679 பேர் இறந்தார்கள். 537 பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கியிருந்த காலரா அப்போதும் ஓயவில்லை. அதில் போன உயிர்கள் 1,700-க்கும் மேல்.

நாங்கள் போன கிராமத்தின் ஆலயம் அந்தப் புயலில்தான் விழுந்தது. சுடாத மண்கல் சுவர், புல் கூரை. இரண்டு நாள் மழையில் கரைந்துவிட்டதாம். அன்றிலிருந்து ஞாயிறு ஆராதனை மாமரத்தடியில். குடிதண்ணீருக்கு ஓடைப் படுகையில் தோண்டிய ஊற்று. ஆடும் மாடும் குடிக்கிற அதே இடம்.

எங்கள் கிறிஸ்தவ ஐக்கியத்தில் அந்த ஊர் ஆலயத்தைக் கட்டுவதற்கென்றுதான் காணிக்கை சேர்ந்தது. அங்குள்ள பாஸ்டருக்குத் தகவல் சொன்னபோது அவர் அனுப்பிய பதில் எல்லோரையும் யோசிக்க வைத்தது. முதலில் தண்ணீர், அப்புறம் ஆலயம் என்றார். செங்கல் அறுக்கத் தண்ணீர் வேண்டும், அதைத் தலையில் சுமந்து வரப்போவது பெண்கள், ஏற்கெனவே அவர்கள் விடியும் முன்பே ஊற்றுக்குப் போகிறார்கள், இன்னொரு சுமையை ஏற்ற எனக்கு மனமில்லை என்று எழுதியிருந்தார். காணிக்கை கொடுத்த ஒவ்வொருவரிடமும் அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினோம். ஒருவர்கூட மறுக்கவில்லை.

ஆகஸ்டில் போனோம். அங்கே அது குளிரும் வறட்சியும் சேர்ந்த பருவம். நவம்பரில் மழை பிடித்துக்கொண்டால், கிணற்றுக்குத் துளை போடும் ரிக் லாரி அந்த மண் சாலையில் நகராது. அடிஸ் அபாபா வழியாகப் பிளான்டயரில் இறங்கி, அங்குள்ள புனித மைக்கேல் ஆலயத்தைப் பார்த்தோம். 1891-ல் முடிந்த கட்டடம். கட்டியவர் டேவிட் கிளெமென்ட் ஸ்காட் என்ற ஸ்காட்லாந்து மிஷனெரி. கட்டடக்கலை படித்தவரே அல்ல. உள்ளூர் ஆட்களோடு, உள்ளூர்ச் செங்கல்லால் வளைவுகளும் கோபுரமுமாக எழுப்பியிருக்கிறார். தமிழ்நாட்டு மிஷன் ஆலயங்களுக்குள் நுழையும்போது வருகிற அதே உணர்வு எனக்கு அங்கேயும் வந்தது.

ஆனால் இந்தப் பயணத்தின் போக்கையே எனக்குப் புரிய வைத்த இடம் சிரட்சுலு மாவட்டத்து ம்போம்ப்வே. ஜான் சிலெம்புவே என்ற மலாவி போதகர் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இறையியல் படித்துவிட்டு 1900-ல் ஊர் திரும்பி மிஷன் தொடங்கிய இடம் அது. அவரும் அவர் சபையாரும் எழுப்பிய பெரிய செங்கல் ஆலயம் 1913-ல் முடிந்தது. வெள்ளைக்காரர் உதவி இல்லாமல் ஆப்பிரிக்கர்கள் தங்கள் கையால் கட்டியது. அதே காலத்தில் பக்கத்து மகொமெரோ எஸ்டேட்டில் வேலை செய்தவர்கள் கட்டிய சின்னச் சின்ன ஜெபவீடுகளை எஸ்டேட் மேலாளர் கொளுத்தினார். கூலியில்லா உழைப்பு, வரி, உலகப்போருக்கு ஆள்பிடிப்பு எல்லாம் சேர்ந்து 1915 ஜனவரியில் சிலெம்புவே கிளர்ந்தெழுந்தார். பிப்ரவரி 3-ம் தேதி அவரைச் சுட்டுக் கொன்றார்கள். காலனி அரசு அந்த ஆலயத்தை இடித்துத் தரைமட்டமாக்கியது. பிற்பாடு, 1926-ல் நாடு திரும்பிய டாக்டர் டேனியல் மலேகேபு அதை மறுபடி கட்டினார். இன்றைக்கு ஜனவரி 15 மலாவியில் சிலெம்புவே நாள், அரசு விடுமுறை. 500 குவாச்சா நோட்டில் அவர் முகம் இருக்கிறது.

இந்த மண்ணில் ஒரு செங்கல் ஆலயத்துக்கு இவ்வளவு அர்த்தம் உண்டு. யார் கட்டினார்கள், யார் நிலத்தில் கட்டினார்கள் என்பதற்கு உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து ஒரு கூட்டம் வந்து "நாங்கள் உங்களுக்கு ஆலயம் கட்டித் தருகிறோம்" என்று சொல்வதை இங்கே மிகுந்த பணிவோடுதான் சொல்ல வேண்டும். சொல்லாமலே இருப்பது இன்னும் நல்லது என்று நினைக்கிறேன்.

கிராமத்துக்குப் போன மறுநாள் ஊர்த்தலைவர் கூட்டம் கூட்டினார். ஆண்கள் பெஞ்சில், பெண்கள் பாய் விரித்துத் தரையில். ஆழ்துளைக் கிணற்றை எங்கே போடுவது என்பதுதான் பேச்சு. ஆலய வளாகத்துக்குள்தான் வரும் என்று எங்கள் குழுவில் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தோம். ஊர்த்தலைவர் நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். இந்த ஊரில் வேறு சபைக்காரர்கள் இருக்கிறார்கள், சில முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன, எந்தச் சபைக்கும் போகாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் வாசலைத் தாண்டி வந்துதான் தண்ணீர் எடுக்க வேண்டுமா?

பாஸ்டர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து, கிணறு பாதையோரம் பொது நிலத்தில் இருக்கட்டும், ஆலயம் அதன் இடத்தில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து குலவைச் சத்தம் எழுந்தது. தண்ணீரைக் காட்டி ஆளைச் சேர்ப்பது ஊழியமே அல்ல என்று நான் நம்புகிறவன். சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் தண்ணீர் கேட்டார். கொடுப்பவராக மட்டும் அவர் கிணற்றடியில் உட்காரவில்லை. அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்த வேதபகுதிதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

நிலத்தடி நீர் ஆய்வாளர் கம்பிகளை நட்டு, மின்தடையை அளந்து இரண்டு இடம் குறித்துக் கொடுத்திருந்தார். முதல் இடத்தில் துளை இறங்கியது, தண்ணீரும் வந்தது, ஆனால் உப்பு. சில்வா ஏரிக்கு வெளியேறும் வழி கிடையாது. அதன் தண்ணீர் உவர்ப்பு. அந்தச் சமவெளியில் நிலத்தடி நீரும் இடத்துக்கு இடம் கரிக்கும். ரிக் ஆட்கள் ஒரு டம்ளரில் பிடித்துத் தந்தார்கள். வாயில் வைத்த பாட்டி ஒருவர் துப்பிவிட்டுப் பேசாமல் நடந்துபோனார். அன்று இரவு ஜெபம் நீண்டது. துளை போடுகிறவர்கள் மீட்டர் கணக்கில் பணம் வாங்குவார்கள். இரண்டாவது இடமும் உப்பென்றால் கூரைக்கு வைத்திருந்த தொகையைத் தொட வேண்டியிருக்கும்.

இரண்டாவது இடத்தில் முப்பது மீட்டரைத் தாண்டியதும் பாறை வெடிப்பில் நல்ல தண்ணீர் கிடைத்தது. முதலில் சாம்பல் நிறச் சேறு, பிறகு பால் கலந்தது போன்ற நீர், கம்ப்ரசர் காற்றை விட்டு மணிக்கணக்கில் கழுவிய பிறகு தெளிவு. பிள்ளைகள் அதில் நனைந்து கூத்தாடினார்கள். ஆனால் அன்றே குடிக்க விடவில்லை. கேசிங் பைப் இறக்கி, சுற்றிலும் சரளை போட்டு, மேல்பகுதியைச் சிமெண்டால் அடைத்து, எவ்வளவு இறைத்தால் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று சோதித்து, தண்ணீர் மாதிரியை ஆய்வுக்கு அனுப்பி, குளோரின் போட்டுக் கழுவி... இதெல்லாம் ஆகச் சில நாள் பிடித்தது. இந்த நாட்களைக் குறைக்கப் பார்க்கிற குழுக்கள் உண்டு. நாள் முடிகிறது, புகைப்படம் எடுக்க வேண்டும் என்ற அவசரம். காலரா வந்துபோன ஊரில் அந்த அவசரத்துக்கு இடமே கொடுக்கக் கூடாது.

பம்ப் பொருத்திய நாள் என் வாழ்நாளில் மறக்காது. மலாவியில் பரவலாக இருப்பது ஆஃப்ரிடெவ் அடிபம்பு. 1980-களில் கென்யாவிலும் மலாவியிலும் களத்தில் சோதித்து உருவாக்கியது. வடிவமைப்புக்கு யாருடைய காப்புரிமையும் இல்லை. நம்முடைய இந்தியா மார்க் 2 பம்ப் ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் இருக்கிறது. சோலாப்பூர், ஜால்னா பக்கம் மிஷன் கிணற்றுப் பணியில் இருந்தவர்கள் செய்து பார்த்த பம்புகளின் வழியில், யூனிசெஃப் துணையோடு 1970-களில் உருவானது அது. உறுதியானது, ஆனால் உள்ளே பழுதென்றால் கனமான இரும்புக் குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். ஆஃப்ரிடெவ்வில் குழாய் அப்படியே நிற்கும். உள்ளே இருக்கும் ராடுகளை மட்டும் கையால் உருவி பிஸ்டனை வெளியே எடுத்துவிடலாம். ஒரே ஒரு ஸ்பேனர் போதும்.

அந்த வேலையைச் செய்ய ஊர் தேர்ந்தெடுத்த தண்ணீர்க் குழுவில் பாதிக்கு மேல் பெண்கள். மாவட்டத்திலிருந்து வந்த பயிற்சியாளர் ஒரு தடவைதான் செய்து காட்டினார். பிறகு இடுப்பில் கைக்குழந்தையைச் சிட்டெஞ்சே என்ற சுற்றுத் துணியால் கட்டியிருந்த ஓர் இளம்பெண் முன்னே வந்தார். மேல்மூடியைக் கழற்றினார். ராடைத் தூக்கினார், ஏறக்குறைய மூன்று மீட்டர் நீளம், முனையில் கொக்கி, அடுத்த ராடில் கண். ஒன்றைச் சாய்த்தால் கொக்கி விலகிக் கழன்று வருகிறது. அடுத்தவர் வாங்கிச் சுத்தமான பாயில் வைக்கிறார். தரையில் படவே விடவில்லை. கடைசியில் பிஸ்டன் வந்தது. அதில் விரலால் வழித்தெடுக்கிற அளவில் ஒரு ரப்பர் வாஷர். ஊரே குடிக்கிற தண்ணீர் அந்தச் சின்ன வாஷரில்தான் நிற்கிறது. அவர் அதைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து விளிம்பைத் தடவிப் பார்த்து, மறுபடி மாட்டி, எல்லா ராடையும் வரிசையாக இறக்கி, கைப்பிடியை அழுத்தினார். தண்ணீர் வந்தது. குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தது.

ஆலய வேலையும் பக்கத்திலேயே ஓடியது. செங்கல் முழுக்கக் கிராமத்தார் சுட்டது, மணலும் அவர்களுடையது, சிமெண்டும் கூரைத் தகடும் காணிக்கையிலிருந்து. சூளைக்கு விறகு வேண்டும், மலையில் மரம் குறைந்துகொண்டே வருகிறது, மரம் போனதால் வெள்ளம் இன்னும் வேகமாக இறங்குகிறது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் சுட்ட செங்கல்லை அஸ்திவாரத்துக்கும் மூலைகளுக்கும் சுவரின் கீழ்ப்பகுதிக்கும் வைத்துக்கொண்டு, மேல்பகுதிக்குச் சிமெண்ட் கலந்து அச்சில் இறுக்கிய மண்கல்லைப் பயன்படுத்தினார்கள். வேலையை நடத்தியவர் உள்ளூர்க் கொத்தனார். நாங்கள் சித்தாள்கள்: கலவை குழைப்பது, கல் எடுத்துக் கொடுப்பது. நூல் பிடிப்பதும் தூக்குக்குண்டு பார்ப்பதும் அவரும் அவருடைய பையன்களும். சுவர் உச்சியில் கான்கிரீட் பெல்ட் போட்டு, கூரைச் சட்டங்களைக் கட்ட அதற்குள்ளேயே முறுக்குக் கம்பி விட்டார். ஃபிரெடிக்குப் பிறகு கற்றது என்றார்.

சாப்பாடு ன்சிமா என்ற மக்காச்சோளக் களி, கீரை, சில நாள் மலாவி ஏரியில் பிடித்த உசிப்பா மீன். துவரை அங்கே எல்லார் கொல்லையிலும் இருக்கிறது. தென்மலாவியின் பெரிய விளைச்சல், அதில் நிறைய இந்தியாவுக்கு ஏற்றுமதியாகிறது.

ஞாயிறன்று பாதிச் சுவருக்குள் ஆராதனை. கூரை இல்லை, தரை இல்லை. பாட்டு நான்கு குரலில் பிரிந்து எழும்பியபோது எங்களில் பலர் அழுதோம். காணிக்கை நேரத்தில் மக்கள் ஆடிக்கொண்டே முன்னால் வந்தார்கள். பணம் இல்லாதவர்கள் மக்காச்சோளம், ஒருவர் உயிருள்ள கோழி. அந்தக் காணிக்கை தங்கள் ஆலயத்துக் கதவுக்கு என்று முன்னமே அறிவித்திருந்தார்கள். கதவுக்கும் சேர்த்து நாங்களே தருகிறோம் என்று சொல்ல எங்களில் ஒருவர் எழப் பார்த்தார். எங்கள் குழுத்தலைவர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் செய்தது சரி.

கிளம்பும் முன் தண்ணீர்க் குழு ஒரு தீர்மானம் போட்டது. ஒவ்வொரு குடும்பமும் மாதம் 500 குவாச்சா. நம் பணத்தில் இருபத்தைந்து ரூபாய் அளவு. அறுவடைக் காலத்தில் தானியமாகக் கொடுக்கலாம். விதவைகளுக்கும் வயதானவர்களுக்கும் கிடையாது. கணக்கு நோட்டு ஒருவரிடம், பணம் இன்னொருவரிடம். இந்தப் பணம் வாஷருக்கும் பேரிங்குக்கும் ராடுக்கும். இதை ஊர்க்கூட்டத்தில் சத்தமாக வாசித்தார்கள், ஏனென்றால் நடந்து போகிற தூரத்தில் இருக்கும் பக்கத்து ஊரில் ஒரு பம்ப் செத்துக் கிடக்கிறது. வெளியிலிருந்து வந்த ஒரு குழு போட்டுக் கொடுத்தது. சிமெண்ட் மேடையில் குழு வந்த ஆண்டைப் பொறித்திருக்கிறார்கள். பழுதானபோது யாரிடம் சொல்வது, உதிரிபாகம் எங்கே கிடைக்கும், யார் பணம் தருவது என்று எதுவும் பேசி வைக்கவில்லை. அந்த ஊர்ப் பெண்கள் மறுபடி ஊற்றுக்கே போகிறார்கள்.

ஆலயத்துக்குக் கூரை ஏறிவிட்டதாக அக்டோபர் கடைசியில் பாஸ்டர் குரல்பதிவு அனுப்பினார். அதைவிடப் பெரிய செய்தியை இரண்டாவதாகச் சொன்னார். அவருடைய ஊர்த் தண்ணீர்க் குழுப் பெண்கள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய் அந்தப் பம்பைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு ராடு முறிந்திருக்கிறது, வாஷர் தேய்ந்து போயிருக்கிறது, துளையில் தண்ணீர் நன்றாகவே இருக்கிறது. அந்த ஊரிலும் ஒரு குழு அமைத்து வசூலைத் தொடங்கிவிட்டார்கள். முறிந்த ராடுக்கு மாற்று வாங்க பாஸ்டருடைய ஊர்க் குழு தன் சேமிப்பிலிருந்து பாதியைக் கடனாகக் கொடுக்கிறது. அறுவடைக்குப் பிறகு திருப்பித் தரவேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள்.